ஊட்டும் கைக்குப் பாடம்

பலவகைக் குறைபாடுகள் ஒன்றுசேர்ந்தவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களுக்கு வேலை கேட்டு வருகிறவர்களில் பெண்களே அதிகம். பக்கத்து ஊரிலிருந்து மினி பஸ் பிடித்து வருவார்கள். பனியன் கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கி அந்த வேலையை விட்டவர்கள், கணவர் போன பிறகு வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்குகிறவர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரப் பணமில்லாமல் நின்றுபோன பெண்கள். ஆண்கள் கொஞ்சம் பேர்தான் வருவார்கள். அவர்களும் எங்காவது ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்தவர்கள். முதல் நாள் கூடத்துக்குள் நுழைந்து, வீல்சேர்களிலும் பாய்களிலும் இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அநேகமாக எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “பாவம் டீச்சர், கடவுள் குழந்தைங்க.”

அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் எச்சிலை முகம் சுளிக்காமல் துடைக்கவைப்பது அதுதான். ஆனால் கழுத்தை எப்படித் தாங்குவது, மடங்கி இறுகிய கையைச் சட்டைக்குள் எப்படி நுழைப்பது, பேச்சு இல்லாதவருக்கு வயிறு வலிக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரக்கம் சொல்லித்தராது. அதெல்லாம் பார்த்தும் செய்தும் பழக வேண்டியவை. இயன்முறை சிகிச்சை படித்துவிட்டு, தமிழ்நாட்டின் இல்லங்களில் பராமரிப்புப் பணியாளர்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவள் நான். மனசு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் இதைச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கை தேற வேண்டிய வேலை இது.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதம் இருக்கும். அதோடு அறிவுசார் குறைபாடும் வலிப்பும் சேர்ந்திருக்கும். பலருக்குப் பார்வையோ கேட்கும் திறனோ குறைவு. தானாகப் புரண்டு படுக்க முடியாது, பசி என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?” என்ற பெற்றோரின் கேள்விதான் 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்கையும் அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் தங்கி வாழ ‘கரோண்டா’, பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தர ‘சஹ்யோகி’ என்று அந்த அறக்கட்டளையின் கீழ் திட்டங்களும் வந்தன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பல்வகைக் குறைபாடும் ஒன்று. சட்டமும் திட்டமும் இல்லத்தின் வாசல்வரை வரும். உள்ளே, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் கைகளில்தான் அவர்களுடைய நாள் கழிகிறது.

நான் பாடத்தை உடம்பிலிருந்து தொடங்குவேன். மூளை முடக்குவாதத்தில் இறுகிப்போன தசைக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்க்கும். இதை வகுப்பில் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், மறந்துபோவார்கள். டயாபர் மாற்றும்போது பக்கத்தில் நின்று காட்டினால்தான் நிற்கும். புதிதாக வந்தவர் என்ன செய்வார்? பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் கணுக்காலில் பிடித்துப் பக்கத்துக்கு ஒன்றாக இழுப்பார். கால்கள் இன்னும் இறுகும். முதுகு வில்லாக வளையும், தலை பின்னால் போகும். “ஒத்துழைக்கவே மாட்டேங்கிறான் டீச்சர்” என்பார்.

அவர் ஒத்துழைக்காமல் இல்லை. இழுத்த கைக்கு அவருடைய நரம்பு பதில் சொல்கிறது, அவ்வளவுதான். முதலில் தலைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்தே மடக்கி, தொடைகளை வயிற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். அப்புறம் உள்ளங்கையை முழுதாக, விரல் நுனி குத்தாமல், முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கமாக வைத்து, அப்படியே இருக்க வேண்டும். இழுக்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. கொஞ்ச நேரத்தில் தொடை தானாகத் தளரும். அந்தத் தளர்வு கைக்குத் தெரியும். முதல்முறை அதை உணர்ந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். இரண்டாவது முறை நான் சொல்லவே வேண்டியிருக்காது.

சட்டை போடுவதற்கும் முறை இருக்கிறது. அதிகம் இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். விரலைப் பிடித்து இழுக்காமல், சட்டைக் கையைச் சுருட்டி நம் கையை அதன் வழியே விட்டு அவருடைய முன்கையைத் தாங்கி எடுத்துவர வேண்டும். நடக்காமலே வளர்ந்த எலும்பு பலமாக இருக்காது. பல வருஷம் சாப்பிடும் வலிப்பு மாத்திரைகளில் சில அதை மேலும் பலவீனமாக்கும். காலையில் ஸ்கூல் வேன் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு ஒரு சட்டையை மாட்டப்போய்க் கை எலும்பு முறிந்துபோவது நடக்கிற காரியம்தான்.

டயாபர் மாற்றும்போது தொடை தளர்ந்ததும் மளமளவென்று வேலையை முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நான் தடுப்பேன். “இடுப்பைத் தூக்குறீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்வேன். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். சிலருக்கு நாம் சொன்னது உள்ளே போய், புரிந்து, உடம்பு கிளம்ப அவ்வளவு நேரமாகும். ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது குதிகால் மெத்தையில் அழுந்தும். இடுப்பு அரை அங்குலம் எழும்பும். அந்த அரை அங்குலத்தால் பணியாளருக்குப் பாரம் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் அது அவருடைய பங்கு. ஒவ்வொரு வேலையிலும் அவருக்கென்று இப்படி ஒரு பங்கு இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் விட்டுவைப்பதற்குத்தான் நான் ஆட்களைப் பழக்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

சாப்பாட்டுப் பாடத்துக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வேன். காலையில் கொள்கை எதுவும் பேச மாட்டேன். ரசம் சாதம், தண்ணீர், ஒரு வாழைப்பழம். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் மற்றவருக்கு ஊட்ட வேண்டும். ஊட்டப்படுகிறவர் பேசக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. முதல் சுற்றில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு விழுங்கிப் பார்க்கச் சொல்வேன், ஒரே ஒரு மிடறு, ஜாக்கிரதையாக. ஒரு மிடறிலேயே கண் கலங்கும். அடுத்து நின்றுகொண்டு ஊட்டுவது, வாயில் இருப்பது போவதற்குள் அடுத்த கவளம், பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊட்டுவது. கூடங்களில் தினமும் நடக்கிறதைத்தான் செய்யச் சொல்கிறேன். அரைமணி நேரத்துக்குள் சிலருக்குக் கோபமே வந்துவிடும். “அக்கா, வாயிலயே இன்னும் இருக்கு, என்ன அவசரம் உங்களுக்கு?” என்று விதியை மீறிப் பேசிவிடுவார்கள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதிப் பாடம்.

நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, நாமும் அவருடைய கண்மட்டத்துக்கு ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் ஸ்பூன் மேலிருந்து வரும், ஸ்பூனைப் பார்க்க அவர் அண்ணாந்துதான் ஆக வேண்டும். ஸ்பூனை மேல்பல்லில் தேய்த்து வழித்துவிடாமல், நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் தொண்டையைப் பார்க்க வேண்டும். குரல்வளை ஒருமுறை மேலேறி இறங்கினால்தான் விழுங்கியதாகக் கணக்கு. வாய் காலியாகிவிட்டது என்பது விழுங்கியதற்குச் சாட்சி ஆகாது, கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் உடனே படுக்கவைக்காமல் அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கவிட வேண்டும்.

புரை ஏறினால் நம் ஊரில் உச்சந்தலையில் தட்டுவோம், யாரோ நினைக்கிறார்கள் என்போம். பணியாளர்களும் அதைத்தான் செய்வார்கள். நான் அவர்களிடம் சொல்வது, புரை ஏறி இருமுகிறவரைப் பற்றிப் பாதிதான் பயப்படுங்கள் என்று. இருமல் என்பது உடம்பு காவல் காக்கிறது என்பதற்கு அடையாளம். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் உணவு போகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, கண்ணில் நீர் கோப்பது, சாப்பாட்டின் நடுவே வேர்ப்பது, மாதாமாதம் வந்துவந்து போகும் காய்ச்சல், எடை இறங்கிக்கொண்டே வருவது இவையெல்லாம் அதன் தடயங்கள். “அவனுக்கு சளி உடம்பு” என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் சளி, உட்காரும் முறையை மாற்றி, சாதத்தையும் ரசத்தையும் கலக்காமல் மசித்த பருப்புச் சாதமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பெருமளவு அடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ரசம் சாதம் நமக்கு எளிய உணவு, காய்ச்சல்காரருக்கே கொடுப்போம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதைவிடக் கஷ்டமானது குறைவு. தண்ணீராக ஓடும் ரசமும் மெல்ல வேண்டிய பருக்கையும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் போகும். பருக்கையை நாக்கு சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரசம் தொண்டையில் இறங்கிவிடும். பாலில் ஊறிய பிரெட்டுக்கும் இதே கதைதான். கேழ்வரகுக் கூழ், கெட்டித் தயிர், நன்றாக மசித்த பொங்கல் ஆகியவை பலருக்கு ஒத்துப்போகும். உணவின் பதத்தை 0 முதல் 7 வரை வகுத்த ‘இட்சி’ என்ற சர்வதேச முறை இப்போது இருக்கிறது. பத்து மில்லி சிரிஞ்சில் ஊசி இல்லாமல் திரவத்தை நிரப்பி, பத்து விநாடி ஓடவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்து அது எந்தப் பதம் என்று சொல்லிவிடலாம். எந்தப் பதம் யாருக்கு என்பதை விழுங்குதலில் தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். முடிவுசெய்ததைச் சமையல்கார அம்மாவிடம் சேர்ப்பது நம் பொறுப்பு. அதனால் என் சாப்பாட்டு வகுப்புக்குச் சமையலறை ஆட்களும் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் வகுப்பைத் தொடங்க மாட்டேன்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். ராத்திரி படுக்கை நனையாது, நைட் டியூட்டி பார்ப்பவருக்கு நாலு துணி மிச்சம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரே ஒருவர் ராத்திரி முழுக்கப் பலரைப் பார்க்க வேண்டியிருந்தால் நானும் அப்படித்தான் யோசிப்பேனோ என்னவோ. ஆனால் தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும், சிறுநீரில் கிருமி சேரும், வலிப்பு இருப்பவருக்கு இதனாலேயே வலிப்பு கூடலாம். தானாக எழுந்துபோய்க் குடிக்க முடியாத ஒருவருக்கு நம் கையில் இருக்கும் டம்ளர்தான் ஒரே கிணறு. 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவை வகுப்பில் நான் வாய்விட்டுப் படிப்பேன். தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவையோ குடிநீரையோ மறுப்பது குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்து வருஷம்வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் உண்டு. மிரட்டுவதற்காகப் படிப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நாடாளுமன்றம் இவ்வளவு பெரிதாக நினைத்திருக்கிறது என்று தெரிந்தால், மேலாளரிடம் போய், “ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேணும்” என்று கேட்கிற துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு வரும்.

தோல் பாடத்தில் பாடப்புத்தகங்கள் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. படுக்கைப்புண் வருமுன் தோல் சிவக்கும், அழுத்தினால் வெளுக்காது என்று எழுதியிருக்கும். படமும் வெள்ளைத் தோலில் இருக்கும். நம் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சிவப்புக்காகக் காத்திருந்தால் புண்ணைத்தான் பார்ப்போம். அதனால் கண்ணைவிடக் கையை நம்பச் சொல்வேன். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் சுடுகிறதா, அல்லது சில்லென்று இருக்கிறதா? அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, சதை தளர்ந்து கொழகொழவென்றிருக்கிறதா? பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ மினுமினுப்பாகவோ இருக்கிறதா? தொட்டால் முகம் சுருங்குகிறதா? வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், காதுமடல் என்று குளிப்பாட்டும்போதே ஒரு சுற்றுத் தொட்டுவர வேண்டும். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். திருப்பியதும் அடியில் சுருங்கிய விரிப்பை நீவிவிட வேண்டும். தரதரவென்று இழுத்து மேலே ஏற்றக் கூடாது, தோல் உள்ளுக்குள் கிழியும். விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்க வேண்டும்.

வலிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்கவும். கடிகாரத்தைப் பார்க்கவும். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரே இருந்தால் அவர் சொன்ன நேரத்தில் அடிக்கவும். வாயில் ஸ்பூனோ துணியோ வைக்கவே கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. இரும்பு தேடி ஓடுகிற நேரத்தில் அவர் மூச்சுவிடுகிறாரா என்று பார்க்கலாம்.

இந்த வேலையில் என்னை மிகவும் கட்டிப்போட்ட பகுதி வேறு: பேச்சில்லாதவர் சொல்வதைக் கேட்பது. ஒருவர் திடீரென்று தன் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்குவார், அல்லது சாயங்காலமானால் கத்துவார், தட்டைத் தள்ளிவிடுவார். அமாவாசை நெருங்குது, அதான் இப்படி என்பார்கள் சிலர். அடம் என்பார்கள் சிலர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அங்கேயும், இந்தப் பிரச்சினை இருக்கிறவங்க அப்படித்தான் இருப்பாங்க என்று தூங்கவைக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவதும் உண்டு. நான் பணியாளர்களுக்குக் கற்றுத்தருவது ஒரு வரிசை. பல்லைப் பார், காதைப் பார், மலம் போய் எத்தனை நாளாச்சு என்று பதிவேட்டைப் பார், சிறுநீர் எப்படி இருக்கிறது பார், தோலைப் பார், பெண்ணாக இருந்தால் மாதவிலக்குத் தேதியைப் பார். உடம்பில் ஒன்றுமில்லை என்று தீர்ந்த பிறகுதான் மனசைப் பற்றிப் பேச வேண்டும். சொத்தைப் பல்லோடு இருப்பவர் கன்னத்தில்தானே அடித்துக்கொள்வார்? ஃபெனிட்டாயின் மாதிரி வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடும். அந்த வாயில் பிரஷ் படுவதே வலி. பல் விளக்க விடவில்லை என்று அவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு மூன்று கட்டம். அவர் என்ன செய்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறோம். நாம் என்ன செய்ய வேண்டும். எழுதுவது யார் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். டாக்டரோ சிறப்பு ஆசிரியரோ எழுதக் கூடாது. குளிப்பாட்டி, ஊட்டி, நைட் டியூட்டி பார்க்கிற அக்காதான் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஓர் இல்லத்தில் முப்பது வயதை நெருங்கிய ஒரு பெண், எதற்கும் பதில் சொல்லாதவர் என்று ஃபைலில் எழுதியிருந்தது. அவருக்குத் தலை பின்னும் அக்கா ஒரு நாள் சொன்னார்: “டீச்சர், பூ வைக்கட்டுமான்னு கேட்டா கண்ணை மேல தூக்குது. வேணாம்னா அப்படியே இருக்குது. நானா நெனச்சிக்கிறேனோ என்னவோ.” நாங்கள் அதைச் சோதித்துப் பார்த்தோம். பச்சைச் சேலையா, நீலமா, டீயா, பாலா, வெளியே போகலாமா? ஒவ்வொன்றாகக் கேட்டுக் காத்திருந்தோம். ஆமாம் என்பதற்குக் கண்ணை மேலே தூக்கினார். சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஆமாம். எத்தனை வருஷமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாரோ! அந்த அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. அன்றைக்கு நோட்டின் முதல் வரியை அவரே எழுதினார்.

அதற்குப் பிறகு படஅட்டை, படப்பலகை, டேப்லெட் என்று எவ்வளவோ போகலாம். பேச்சில்லாதவர்களுக்கு மாற்றுவழித் தொடர்பைக் கற்றுத்தருவதில் 1985-இல் தொடங்கிய சென்னை வித்யாசாகருக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில்தான் உருவானது. ஆனாலும் கருவியை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் இல்லங்களைப் பார்க்கும்போது, முதலில் பூ வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆள் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆண்டோவர் ஊரில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பெரிய நிறுவனங்களில் வைக்காமல் சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் வாழவைத்து ஆராய்ந்தார்கள். ஜிம் மேன்செல், டேவிட் ஃபெல்ஸ் முதலானவர்கள் அதில் இருந்தார்கள். வீடு நன்றாக இருந்தால் மட்டும் அங்கே இருப்பவரின் நாள் மாறிவிடாது, பணியாளர் அவரைச் சமையலிலும் துணி மடிப்பதிலும் எப்படிச் சேர்த்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மாறும் என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகளின் சாரம். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கூடங்கள்தான் கண்ணில் வந்தன. டைல்ஸ் போட்ட தரை, பெயர் பொறித்த நன்கொடைப் பலகை, சுவரில் ஓடும் டிவி. அதன் முன்னால் காலையிலிருந்து மத்தியானம்வரை வரிசையாக வீல்சேர்கள். யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை, யாருக்கும் எதுவும் நடக்கவும் இல்லை. கறிவேப்பிலை உருவும்போது ஒரு வீல்சேரைப் பக்கத்தில் தள்ளிவந்து, கொத்தை ஒருவர் கையில் பிடிக்கக் கொடுத்தால், அதன் வாசனையே அவருக்கு அன்றைக்குப் புதிது. பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இதுதான்: இன்று நீங்கள் செய்த வேலைகளில் எதில் யாருக்குப் பங்கு கொடுத்தீர்கள்?

கட்டிவைப்பது பற்றியும் பேசியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. சங்கிலி இப்போது கண்ணில் படுவதில்லை, துப்பட்டா படுகிறது. விழுந்துவிடுவார் என்று நாற்காலியோடு சேர்த்து மார்பில் சுற்றிக் கட்டிய துப்பட்டா. சரிந்தால் அது கழுத்துக்கு ஏறும். இடுப்பு எலும்பில் பதியும்படி தொடைப் பக்கமாக இழுத்துக் கட்டும் பெல்ட் வேறு; அது அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, கையை விடுவிக்கும். கட்டினது யாருக்காக, அவர் நன்றாக உட்காரவா, நாம் வேறு வேலை பார்க்கவா? இந்தக் கேள்வியைப் பணியாளரே கேட்டுக்கொள்ளப் பழகினால் பாதித் துப்பட்டாக்கள் அவிழ்ந்துவிடும்.

பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்துவது கேட்க எளிது. மீசை வைத்த ஆளைப் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தவே சில இல்லங்களில் மாசக்கணக்கில் ஆகிறது. கதவைச் சாத்திவிட்டுத்தான் துணி மாற்ற வேண்டும். பெண்களுக்குப் பெண்களே குளிப்பாட்ட வேண்டும். நாப்கின் மாற்றும் முன் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றும் முன், “ஊத்தப்போறேன்மா” என்று சொல்லிவிட்டுக் காலில் தொடங்கி மேலே வர வேண்டும். திடீரென்று தலையில் ஊற்றினால் உடம்பே தூக்கிவாரிப்போட்டு இறுகும். இவற்றுக்குப் பணம் செலவாவதில்லை. யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் நடப்பவையும் இல்லை. கை பழகினால் நடப்பவை.

கை பழக வேண்டுமானால் எப்படிப் பயிற்சி தருகிறோம் என்பதை மாற்ற வேண்டும். ஹாலில் ப்ரொஜெக்டர் போட்டு, ஒரு நாள் முழுக்க ஸ்லைடு காட்டி, சமோசா கொடுத்து, சான்றிதழோடு குரூப் போட்டோ எடுத்து அனுப்பும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. உட்கார்ந்து கேட்கும் வகுப்பு வேண்டும்தான், அரை நாள் போதும். மற்றது கூடத்தில், தேர்ந்த ஒருவரின் பக்கத்தில். முதலில் அவர் செய்வதைப் பார்க்க வேண்டும், பிறகு அவர் பார்க்கச் செய்ய வேண்டும், அப்புறம் ஒரு வாரம் கழித்து நான் வந்து பார்ப்பேன். ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பேன். முடிந்த பிறகு முதல் கேள்வி எப்போதும், “உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” என்பதுதான். ஷிஃப்ட் மாறும்போது கால்மணி நேரம் இரண்டு ஷிஃப்ட்காரர்களும் சேர்ந்து நின்று, யார் எவ்வளவு குடித்தார், யாருக்கு மலம் போகவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் கால்மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுதித்தர வேண்டும்.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த ஆளைத் தினமும் தூக்கித் தூக்கி இடுப்பு போன பெண்கள் எல்லா இல்லங்களிலும் இருக்கிறார்கள். குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கு, ஆளை நெஞ்சோடு ஒட்டிப் பிடி, தனியாகத் தூக்காதே என்று நான் கற்றுத்தரலாம். கட்டில் உயரம் மாறாவிட்டால், தூக்கும் ஹாய்ஸ்ட் வாங்காவிட்டால், இருவர் செய்ய வேண்டியதற்கு ஒருவரை வைத்தால், என் பாடம் வீண். நன்கொடையாளர்கள் பிறந்தநாள் பிரியாணிக்கும் புதுத்துணிக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஒரு பராமரிப்புப் பணியாளரின் ஒரு வருஷச் சம்பளத்தைக் கொடுக்கிறேன் என்று வருகிறவர்கள் மிகவும் குறைவு. பழக்கிய கை சம்பளம் போதாமல் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டால், நோட்டில் எழுதியிருக்கும் கண்ணசைவைப் படிக்க ஆளிருக்காது.

இல்லம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதம் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார், சம்பளத்தோடு கற்றுக்கொள்ளட்டும்.

மகனுக்கோ தங்கைக்கோ இல்லம் தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கட்டணம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் நடத்தப் பதிவு வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்று பாருங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். நேற்று ராத்திரி யார் யாரை எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்ற பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.